வெட்டினாலும் விழாத காய்: 'ஆர்கான்' விளையாட்டு எப்படி வேலை செய்கிறது?

பெங்களூரில் கேம் ஆடுகிறவர்கள் நாலு பேர் ஒன்றுகூடினால் இந்த வாக்கியம் தவறாமல் காதில் விழும்: "அதுவும் செஸ் மாதிரிதான்டா." கட்டம் போட்ட பலகை, எதிரெதிரே இரண்டு படை, நடுவில் ஒரு டிராகன். இவ்வளவு இருந்தால் போதும், அந்த விளையாட்டு 'செஸ் மாதிரி' ஆகிவிடும். இந்திராநகர் போர்டு கேம் கஃபேக்களிலும் இதே பேச்சுதான், அல்சூர் சந்துகளில் பிள்ளைகள் மொபைலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதும் இதே பேச்சுதான். ஆனால் இப்படிச் சொல்கிறவர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வகை விளையாட்டுகளை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள்.

இதில் அதிகம் அடிபடுவது 1983-இல் வந்த 'ஆர்கான்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு. "டிராகன் வைத்த செஸ்" என்பார்கள் சிலர். "செஸ்ஸாவது ஒன்றாவது, பட்டனை யார் வேகமாகத் தட்டுகிறானோ அவன் ஜெயிப்பான்" என்பார்கள் வேறு சிலர். இரண்டு பேருமே ஆளுக்கொரு பாதியைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். அந்த இரண்டு பாதியும் ஒன்றோடொன்று எப்படிப் பூட்டிக்கொள்கின்றன என்று சொல்வதுதான் என் நோக்கம். செஸ்ஸில் காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும். வீடியோ கேம் பழக்கம் தேவையில்லை.

செஸ்ஸில் 'வெட்டு' என்பது என்ன

செஸ் ஆடும்போது நாம் யோசிக்காமலே ஒத்துக்கொள்ளும் விதி ஒன்று உண்டு: வெட்டு உறுதி. என் சிப்பாய் உங்கள் ராணி நிற்கும் கட்டத்துக்குச் சட்டப்படி வர முடிந்தால், ராணி பலகையை விட்டு வெளியே போயாக வேண்டும். ராணிக்கு எத்தனை பலம் இருந்தாலும் அந்த நொடியில் அது எதிர்த்துப் பேச முடியாது.

செஸ் கணக்கெல்லாம் இந்த உறுதியின் மேல்தான் நிற்கிறது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று ஆரம்பத்திலேயே மனப்பாடம் செய்கிறோமே, அந்த மதிப்பு யார் ஆடினாலும் மாறாது. 'காவல்' வைப்பதும் அப்படித்தான். என் குதிரைக்குப் பின்னால் யானை நிற்கிறது என்றால், "இதைத் தொட்டால் உன் காயும் போகும்" என்று பொருள். அந்த மிரட்டல் பலிப்பதற்குக் காரணம், திருப்பி வெட்டுவதும் உறுதி என்பதுதான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செஸ்ஸில் மறைவு எதுவும் கிடையாது, பகடையும் கிடையாது. இரண்டு பேருக்கும் தெரிய வேண்டிய எல்லாமே பலகை மேலேயே இருக்கிறது. இதை முழுத் தகவல் என்பார்கள். சீட்டாட்டத்தில் எதிராளியின் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அங்கே தகவல் முழுமையாக இல்லை.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம் கன்டோன்மென்ட் ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை வண்டி. ரிசர்வேஷன் பெட்டியில் உங்கள் பெயருக்கு 32-ஆம் நம்பர் சீட் என்றால், அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும் டிக்கெட்டைக் காட்டினால் எழுந்துவிடுவார்கள். செஸ் வெட்டு இதுதான். அன்ரிசர்வ்டு பெட்டியில் கதையே வேறு. சீட்டை நீங்கள் குறிவைக்கலாம், அது வரைக்கும் போய்ச் சேரலாம். கிடைப்பதும் கிடைக்காததும் அதற்கப்புறம் நடப்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் யார், எவ்வளவு களைத்திருக்கிறார், நீங்கள் எந்த ஸ்டேஷனில் ஏறினீர்கள், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" (கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க) என்று கன்னடத்தில் சொல்ல உங்களுக்கு எவ்வளவு சாமர்த்தியம் இருக்கிறது, எல்லாமே கணக்கில் வரும்.

ஆர்கான் அந்த அன்ரிசர்வ்டு பெட்டி. எதிரியின் கட்டத்துக்குப் போய்ச் சேருவதோடு உங்கள் நகர்த்தல் முடிந்துவிடுவதில்லை, அங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. மீதி எல்லாம் இந்த ஒரு மாற்றத்தின் பின்விளைவுகள்.

ஆர்கானை யார் செய்தார்கள், பலகையில் என்ன இருக்கிறது

ஃப்ரீ ஃபால் அசோசியேட்ஸ் என்ற சின்ன அமெரிக்கக் குழு செய்தது. விளையாட்டை வடிவமைத்தவர்கள் ஜான் ஃப்ரீமனும் பால் ரைக்கியும். புரோகிராம் எழுதியவர் ஆன் வெஸ்ட்ஃபால். ஃப்ரீமனும் வெஸ்ட்ஃபாலும் கணவன் மனைவி. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி தொடங்கி முதன்முதலாக வெளியிட்ட சில விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. முதலில் அட்டாரி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தது, பிறகு காமடோர் 64, ஆப்பிள் 2 என்று பல கருவிகளுக்குப் போனது. அடுத்த ஆண்டே 'ஆர்கான் 2: அடெப்ட்' என்ற இரண்டாம் பாகமும் வந்தது, அதன் விதிகள் கணிசமாக வேறு என்பதால் இங்கே அதை எடுக்கவில்லை.

பலகை 9-க்கு 9, மொத்தம் 81 கட்டம். ஒரு பக்கம் ஒளிப் படை, எதிர்ப்பக்கம் இருள் படை. ஆளுக்கு 18 காய்.

ஒளிப் படைக்குத் தலைவர் ஒரு மந்திரவாதி. அவரோடு ஒரு ஜின், ஒரு பீனிக்ஸ் பறவை, இரண்டிரண்டாக யூனிகார்ன் என்ற ஒற்றைக்கொம்புக் குதிரை, வால்கிரி, கோலெம் என்ற கல்மனிதன், வில்லாளி. முன்வரிசையில் ஏழு வாள்வீரர்கள். இருள் படைக்குத் தலைவி ஒரு சூனியக்காரி. டிராகன் ஒன்று, உருமாறி ஒன்று, பாசிலிஸ்க், பான்ஷீ, ட்ரோல், மான்டிகோர் இரண்டிரண்டு, ஏழு காப்ளின்கள். பெயரெல்லாம் ஒரே மூச்சில் மனதில் நிற்காது, பரவாயில்லை. கீழே யார் தேவையோ அவரை அப்போதே அறிமுகப்படுத்துகிறேன்.

நகர்வது எளிது. தரையில் நடக்கிற காயை வழியில் நிற்கும் காய் தடுக்கும். பறக்கிற காய் தாண்டிப் போகும். மந்திரவாதியும் சூனியக்காரியும் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் தோன்றுவார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் நகர்த்த வேண்டும், அவசரம் கிடையாது, யோசித்துக்கொண்டே இருக்கலாம். இதுவரைக்கும் செஸ்தான்.

களத்துக்குள் போனால்

எதிரியின் காய் நிற்கும் கட்டத்துக்குள் நுழைந்ததும் பலகை மறைந்து, திரை முழுக்க ஒரு களம் விரியும். இரண்டு காய்கள் மட்டும் எதிரெதிரே. இப்போது முறை மாற்றி ஆடுவதெல்லாம் இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் காயை ஓட்டுகிறார்கள், அடிக்கிறார்கள், ஒதுங்குகிறார்கள். நீங்கள் யோசித்துக்கொண்டு நின்றால் எதிராளி உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார். இப்படி நடப்பதற்கு நிகழ்நேரம் என்று பெயர்.

ஒவ்வொரு காய்க்கும் திரை ஓரத்தில் ஒரு கோடு இருக்கும். அதை உயிர்க்கோடு என்று வைத்துக்கொள்வோம். அடி விழ விழக் கோடு குறையும், தீர்ந்தால் காய் காலி. ஜெயித்த காய்க்கு அந்தக் கட்டம் சொந்தம். தாக்கப் போனவரே தோற்றுப் பலகையை விட்டுப் போவது சர்வசாதாரணம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செத்துப்போவதும் நடக்கும்.

காய்க்குக் காய் ஆயுதம் வேறு, பயன்படுத்தும் விதமும் வேறு. கோலெமும் ட்ரோலும் பாறாங்கல் எறிவார்கள். பட்டால் பலத்த அடி, ஆனால் கல் மெதுவாக வரும், அடுத்த கல்லுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். யூனிகார்ன் அடிப்பது வேகம், அடுத்த அடியும் சீக்கிரம் வரும். பாசிலிஸ்க்கின் பார்வை கடுமையாகவும் வேகமாகவும் தாக்கும், அதன் உயிரோ குட்டையானது. வாள்வீரனும் காப்ளினும் பக்கத்தில் போய்த்தான் அடிக்க முடியும். பான்ஷீ எதையும் எறிவதில்லை, கத்துகிறாள். அவளைச் சுற்றியிருக்கும் வட்டத்துக்குள் மாட்டினால் உயிர் கரையும். பீனிக்ஸ் தீயாக வெடிக்கும், வெடிக்கிற நேரத்தில் அதை எதுவும் தொட முடியாது.

களத்தில் அங்கங்கே தடைகளும் உண்டு. அவை ஒரே மாதிரி நிற்பதில்லை, மங்கியும் அடர்ந்தும் மாறிக்கொண்டே இருக்கும். அடர்ந்திருக்கும்போது பின்னால் ஒளியலாம், மங்கினால் அது தடையே இல்லை.

புதியவர்கள் கோட்டைவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. ஜெயித்த காய் காயத்தோடுதான் பலகைக்குத் திரும்பும். முக்கால்வாசி உயிர் போய் ஜெயித்த யூனிகார்ன், பலகையில் பார்க்கும்போது புத்தம்புதிதாகத்தான் தெரியும். உள்ளே அது பாதி செத்த குதிரை. காயம் ஆறும், ஆனால் மெல்லத்தான் ஆறும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பலகையில் முறை மாற்றி யோசித்து ஆடுகிறோம், மோதினால் களம், களத்தில் நிகழ்நேரச் சண்டை, அடிபட்டது அடிபட்டபடியே பலகைக்கு வருகிறது.

அதிர்ஷ்டமா, கைத்திறனா

"வெட்டு உறுதி இல்லை என்றால் அது சூதாட்டம்தானே?" செஸ் ஆடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். உறுதியின்மை என்றவுடன் நமக்குப் பகடை ஞாபகம் வருகிறது. பகடை உருட்டி ஆடும் நால்வர் சதுரங்கம் ஒன்று இந்தியாவில் இருந்ததை 11-ஆம் நூற்றாண்டிலேயே அல்-பிரூனி என்ற அறிஞர் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்தைக் கலப்பது பழைய சமாச்சாரம்.

ஆர்கான் கலந்தது வேறு சரக்கு. பகடைக்கு ஆள் தெரியாது. உங்கள் கையில் இருந்தாலும் என் கையில் இருந்தாலும் ஆறு விழுவதற்கு ஆறில் ஒரு வாய்ப்புதான். ஆர்கான் களத்தில் நிச்சயமின்மை வருவது கையிலிருந்து. கண் பார்த்ததை விரல் எவ்வளவு சீக்கிரம் செய்கிறது, எதிராளியின் கல் வரும் திசையை எப்போது ஊகிக்கிறீர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இதைக் கைத்திறன் என்கிறேன். கொஞ்சம் அதிர்ஷ்டமும் இல்லாமல் இல்லை, ஆனால் ஆட்டத்தின் எடை அதில் இல்லை.

இதிலிருந்து ஒரு விசித்திரமான விளைவு வருகிறது. செஸ்ஸில் குதிரையின் மதிப்பு 3 என்றால் உங்களுக்கும் 3, எனக்கும் 3. ஆர்கானில் உங்கள் கையில் இருக்கும் யூனிகார்னும் என் கையில் இருக்கும் யூனிகார்னும் ஒரே காய் இல்லை. தூரத்திலிருந்து குறிபார்த்து அடிக்க வராதவருக்கு வில்லாளி பாரம். நெருங்கிப் போய் ஒதுங்கத் தெரிந்தவருக்குச் சாதாரண வாள்வீரன்கூடச் சொத்து. ஆகவே எந்தக் காய் எவ்வளவு பெறும் என்று அச்சடித்த அட்டவணை எதுவும் முழுசாக உதவாது. அந்தக் கணக்கை அவரவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பார்த்து.

ஒரு ஆட்டத்தின் நடுவிலிருந்து

எங்கள் அல்சூர் அடுக்குமாடியில் எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ரிடையரான ஒரு பெரியவர் இருக்கிறார், நல்ல செஸ் ஆட்டக்காரர். கீழ்வீட்டுப் பையன் ஒன்பதாம் வகுப்பு, விரல் பேய் வேகம். லேப்டாப்பில் எமுலேட்டர் (பழைய கருவிகளின் விளையாட்டுகளை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம்) போட்டு, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய இரண்டு கண்ட்ரோலரையும் சொருகி உட்கார வைத்தேன். பெரியவர் இருள், பையன் ஒளி.

பெரியவர் செஸ் புத்தியோடு ஆரம்பித்தார். ஒரு காப்ளினை முன்னால் தள்ளி, பின்னால் ட்ரோலை நிறுத்தினார். "காவல் இருக்கு, வரட்டும்" என்றார். பையன் யூனிகார்னைக் கொண்டுவந்து காப்ளினை அடித்தான். பெரியவர் அசரவில்லை, ட்ரோலை உள்ளே விட்டார். கல் ஒன்று போனது, யூனிகார்ன் ஒதுங்கியது. அடுத்த கல்லுக்கு ட்ரோல் கையை ஓங்குவதற்குள் யூனிகார்ன் இரண்டு தடவை அடித்துவிட்டது. ட்ரோல் விழுந்தது. காவலுக்கு நின்றவரே போய்விட்டார். "என்னப்பா இது, திருப்பி வெட்டினா நம்ம காய்தான் போகுது!" என்றார் பெரியவர். இந்த இடத்தில்தான் பெரும்பாலான செஸ்காரர்கள் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவர் வைக்கவில்லை. இரண்டு மூன்று நகர்த்தல் சும்மா எங்கோ ஓரத்துக் காய்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். அதற்குள் பலகையின் நடுக் கட்டங்கள் ஒவ்வொரு படியாக இருட்டிக்கொண்டே வந்தன. நன்றாக இருட்டியதும் ஒரு காப்ளினை யூனிகார்ன் மேல் விட்டார். காப்ளின் செத்தது, ஆனால் நெருங்கிப் போய் நாலு அடி போட்டுவிட்டுத்தான் செத்தது. அடுத்த முறை இன்னொரு காப்ளின். அதுவும் செத்தது. மூன்றாவதாக பாசிலிஸ்க் வந்தது. யூனிகார்னின் உயிர்க்கோடு ஏற்கெனவே ஒரு விரல் நீளம்தான். ஒரே பார்வையில் முடிந்தது.

"அங்கிள், இது சீட்டிங்! மூணு பேர் சேர்ந்து ஒருத்தனை அடிக்கிறீங்க!"

"இல்லப்பா, ஒவ்வொருத்தராத்தான் வந்தோம். இங்க சிப்பாய் செத்தும் வேலை செய்யுது, அதைத்தான் இப்ப கண்டுபிடிச்சேன்."

நான் இவ்வளவு பக்கத்தில் எழுதிச் சொல்ல நினைத்ததைப் பெரியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். விரலில் பையனை அவர் கடைசிவரை மிஞ்சவில்லை. சண்டை எப்போது நடக்க வேண்டும், எந்த நிறக் கட்டத்தில் நடக்க வேண்டும், எதிராளி எவ்வளவு காயத்தோடு உள்ளே வர வேண்டும் என்பதைப் பலகையிலேயே தீர்த்துவிட்டார். ஆர்கானில் 'செஸ் மாதிரி' என்று சொல்லத் தகுந்த பகுதி அதுதான். காயை வெட்டுவது களத்து வேலை. எந்த நிலையில் களத்துக்குப் போவது என்பது பலகை வேலை.

நிறம் மாறும் கட்டங்கள்

மேலே "இருட்டிக்கொண்டே வந்தன" என்றேனே, அதை விளக்க வேண்டும். ஆர்கானின் மூளை அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

செஸ் பலகையில் கறுப்பும் வெள்ளையும் கண்ணுக்கு வசதி, அவ்வளவே. வெள்ளைக் கட்டத்தில் நிற்பதால் வெள்ளைக் காய்க்குக் கூடுதல் பலம் எதுவும் இல்லை. ஆர்கானில் நிறம்தான் பலம். சில கட்டங்கள் எப்போதும் வெள்ளை, சில எப்போதும் கறுப்பு. மூன்றாவது வகைக் கட்டங்கள் நிறம் மாறும். நகர்த்தல்கள் போகப் போக, அவை கறுப்பிலிருந்து இடைப்பட்ட நிறங்கள் வழியாகப் படிப்படியாக வெள்ளையாகும், பிறகு அதே வழியில் திரும்பிக் கறுப்பாகும். இதை ஒளிச் சுழற்சி என்று அழைப்போம்.

வெளிச்சமான கட்டத்தில் சண்டை நடந்தால் ஒளிப் படைக் காயின் உயிர்க்கோடு நீளம். இருட்டுக் கட்டத்தில் நடந்தால் இருள் படைக் காய்க்கு நீளம். இதே வாள்வீரன் இதே காப்ளினோடு வெள்ளைக் கட்டத்தில் மோதினால் தெம்பாக இருப்பான், கறுப்பில் மோதினால் தடுமாறுவான். சம பலமுள்ள இரண்டு காய்களில் எது ஜெயிக்கும் என்பதைப் பல நேரங்களில் கட்டத்தின் நிறமே சாய்த்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சுழற்சியில் அதிர்ஷ்டம் துளியும் இல்லை. அடுத்த நிறம் என்ன, முழு இருட்டுக்கு இன்னும் எத்தனை நகர்த்தல் என்று இரண்டு பேரும் விரல்விட்டு எண்ணலாம். முழுத் தகவல் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது பலகை அளவில் இங்கே ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, பலகையில் தெரியாத காயங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். களம் கைத்திறனுக்கு, பலகை கணக்குக்கு என்று இரண்டு உலகம். இரண்டுக்கும் நடுவே பாலம் போடுவது இந்த நிறம்.

அதனால் இந்த விளையாட்டுக்கு ஒரு மூச்சு உண்டு. வெளிச்சம் ஏறும்போது ஒளிப் படை முன்னேற வேண்டும், இருள் படை கறுப்புக் கட்டங்களில் ஒண்டிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது நேர்மாறு. புதிதாக ஆடுகிறவர்கள் ஜெயித்த சூட்டில் முன்னேறிக்கொண்டே போவார்கள், சுழற்சி திரும்பும்போது அவர்களுடைய நல்ல காய்கள் எல்லாம் எதிரி நிறத்தில் நிற்கும்.

ராஜா இல்லாத செஸ்

"அப்போ மந்திரவாதியைக் கொன்றால் ஆட்டம் முடிந்ததா?" இல்லை. ஆர்கானில் ராஜா என்று யாரும் கிடையாது. செக் கிடையாது, மேட் கிடையாது. மந்திரவாதி செத்தால் மந்திரங்கள் போகும், மற்றபடி படை தொடர்ந்து சண்டை போடும்.

பலகையில் சக்திப் புள்ளிகள் என்று ஐந்து கட்டங்கள் மினுக்கிக்கொண்டிருக்கும். ஐந்திலும் உங்கள் காய் நின்றால் ஜெயித்தீர்கள். அல்லது எதிரியின் எல்லாக் காய்களையும் அழிக்க வேண்டும். எதிரியிடம் ஒரே காய் மிஞ்சி, அதையும் மந்திரத்தால் சிறைவைத்துவிட்டால் அதுவும் வெற்றிதான். சக்திப் புள்ளியில் நிற்கும் காய்க்குக் காயம் சீக்கிரம் ஆறும், மந்திரமும் அங்கே பலிக்காது. ஆட்டம் தொடங்கும்போது மந்திரவாதியும் சூனியக்காரியும் ஆளுக்கொரு சக்திப் புள்ளியில் நிற்பார்கள். மற்ற மூன்றும் நிறம் மாறும் கட்டங்களில் இருக்கின்றன, அவற்றைப் பிடித்துவைப்பது சுழற்சி மாறும்தோறும் கடினமாகவும் எளிதாகவும் மாறிக்கொண்டிருக்கும்.

இந்த ஏற்பாட்டின் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். வெறுமனே "எதிரியை அழி" என்று விட்டிருந்தால் வேக விரல்காரர் எப்போதும் ஜெயிப்பார். ஐந்து இடங்களைப் பிடி என்றதால், சண்டையில் சுமாரானவருக்கும் ஒரு வழி கிடைத்தது.

ஏழு மந்திரங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு தலைவர்களுக்கும் ஒரே ஏழு மந்திரங்கள்: ஒரு காயை வேறு இடத்துக்கு அனுப்புவது, காயத்தை ஆற்றுவது, ஒளிச் சுழற்சியைத் திருப்புவது, இரண்டு காய்களை இடம் மாற்றுவது, பூதம் ஒன்றை வரவழைத்து எதிரிக் காயோடு மோதவிடுவது, செத்த காயை எழுப்புவது, எதிரிக் காயைச் சிறைவைப்பது. ஒவ்வொன்றையும் ஆட்டத்தில் ஒரே முறைதான் பயன்படுத்தலாம். மந்திரம் போடப் போடத் தலைவரின் உயிர் வலு குறையும், சண்டையில் அது தெரியும். பூதம் காற்றா, நெருப்பா, நீரா, மண்ணா என்று மட்டும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு என்றது இதைத்தான்.

சுழற்சியைத் திருப்பும் மந்திரத்தைத்தான் நான் ஏழிலும் மேலாக வைப்பேன். எதிராளி நாலு நகர்த்தலுக்கு எண்ணிவைத்த கணக்கை அது ஒரே நொடியில் கலைத்துவிடும்.

வேறு வேறு படை, சமமான படை

செஸ்ஸில் இரண்டு படையும் அச்சு அசல் ஒன்று, நிறம்தான் வேறு. அதனால் நியாயம் தானாக வந்துவிடுகிறது. ஆர்கானில் யூனிகார்னுக்கு எதிரே யூனிகார்ன் இல்லை, பாசிலிஸ்க் நிற்கிறது. பீனிக்ஸுக்கு எதிரே பீனிக்ஸ் இல்லை. வெவ்வேறு காய்களைக் கொடுத்தும் இரண்டு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே வெற்றி வாய்ப்பு இருக்கும்படி அமைப்பதைச் சமநிலை என்பார்கள். விளையாட்டு வடிவமைப்பில் தலைவலி பிடித்த வேலை இதுதான்.

உருமாறியைப் பாருங்கள். அதற்குச் சொந்த உடம்போ ஆயுதமோ கிடையாது, எதிரில் யார் வந்தாலும் அவராகவே மாறிச் சண்டை போடும். ஜின்னோடு மோதினால் ஜின், வாள்வீரனோடு மோதினால் வாள்வீரன். ஆகவே பலவீனமான காயை அடிக்க உருமாறியை அனுப்புவது வீண் வேலை. எதிரியின் மிகப் பெரிய காய்க்கு எதிராக அனுப்பினால்தான் அதற்கு மதிப்பு. ஒளிப் படையில் இப்படிப்பட்ட காயே இல்லை, இருந்தும் ஆட்டம் சாய்ந்துவிடவில்லை.

அப்படியானால் எது 'செஸ் மாதிரி'?

இப்போது அந்த மூட்டையைப் பிரிக்கலாம். 1988-இல் இன்டர்ப்ளே வெளியிட்ட 'பேட்டில் செஸ்'ஸில் காய்கள் ஒன்றையொன்று வாளால் வெட்டிச் சாய்க்கும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் யார் ஜெயிப்பார் என்பது முன்பே முடிவானது. விதி முழுக்கச் சாதாரண செஸ். சண்டை வெறும் காட்சி. அங்கே வெட்டு உறுதி.

2019-இல் பரபரப்பான 'ஆட்டோ செஸ்' வகை நேர் எதிர். எட்டுப் பேர் ஆடுகிறார்கள், கடையில் வரும் வீரர்கள் யார் என்பது அதிர்ஷ்டம், வாங்கி நிறுத்திய பிறகு சண்டை தானாக நடக்கும். கையால் செய்ய எதுவும் இல்லை, முழுத் தகவலும் இல்லை. நல்ல விளையாட்டுதான், பெயரில் மட்டும்தான் செஸ் இருக்கிறது.

ஆக, அடுத்த முறை யாராவது "செஸ் மாதிரி" என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு காய் இன்னொன்றின் மேல் வந்தால் முடிவு உறுதியா? உறுதி இல்லை என்றால் அந்த நிச்சயமின்மை பகடையிலிருந்து வருகிறதா, மறைந்திருக்கும் தகவலிலிருந்து வருகிறதா, ஆடுகிறவர் கையிலிருந்து வருகிறதா? பதில் கையிலிருந்து என்று வந்து, பலகையின் நிலையும் அந்தச் சண்டையின் நிபந்தனையை மாற்றுகிறது என்றால், நீங்கள் பேசுவது ஆர்கான் குடும்பத்தைப் பற்றி. பால் ரைக்கி 1990-இல் ஃப்ரெட் ஃபோர்டோடு சேர்ந்து செய்த 'ஸ்டார் கண்ட்ரோல்' இதே குடும்பம்தான். அங்கே மிருகங்களுக்குப் பதில் விண்கலங்கள்.

முதல் ஆட்டத்துக்கு உட்காருகிறவர்களுக்கு

கம்ப்யூட்டரோடு ஆடும் வசதி உண்டு, அதில் ஆரம்பியுங்கள். யூனிகார்னை எடுத்துக்கொண்டு ஒதுங்கிப் பழகுங்கள். அடிக்கப் பழகுவது அதற்கப்புறம். டிராகனைக் கண்டு மயங்கி முதலிலேயே வெளியே கொண்டுவராதீர்கள், காயம்பட்ட டிராகனைக் குறிவைக்க எதிராளியிடம் ஏழு வாள்வீரர்கள் காத்திருப்பார்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன்னால் நடுக் கட்டங்களின் நிறத்தைப் பார்த்து, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆள் சேர்ந்து ஆடும்போது வேக விரல்காரருக்கு இருள் படையைக் கொடுத்துவிடாதீர்கள், பாசிலிஸ்க் அவர் கையில் கிடைத்தால் மற்றவர்களுக்கு அன்றைய சாயங்காலம் வீண்.